வாய் கழுவும் சோளம்

அக்கா, அந்தச் சுண்ணாம்பு டப்பாவைக் கொஞ்சம் மூடிக்குங்க. இந்த பஸ் குலுக்குற குலுக்கலுக்கு என் புடவை மேல கொட்டிடும். நல்ல புடவைன்னு சொல்லிக்க என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். கோவிச்சுக்காதீங்க. வெத்தலை போடுங்க, நல்லாப் போடுங்க, எனக்கு அந்த வாசம் பிடிக்கும். டப்பாவை மட்டும் மூடிக்குங்க.

நீங்களும் சேலம்தானா? அப்ப ஒரு மணி நேரத்துக்குத் துணை கிடைச்சாச்சு. நான் பேசிக்கிட்டே வருவேன், முன்னாடியே சொல்லிடறேன். பேசலைன்னா பஸ்ஸில் எனக்கு வயிற்றைப் புரட்டும். 

என் பேர் இந்துமதி. சேந்தமங்கலம் பக்கம் ஊர். பன்னிரண்டாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். நாமக்கல்லில் ஒரு லேப்பில் வேலை. லேப் என்றதும் எல்லோரும் தங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கும் என்று என்னிடம் கேட்பார்கள். அந்த லேப் இல்லைக்கா. எங்கள் லேப்பில் சோதிப்பது தீவனம். கோழித் தீவனம், மாட்டுத் தீவனம். போடக்கூடாத மருந்து எதையாவது அதில் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது.

ஆமா, போடுவாங்க. சீக்கிரம் எடை ஏறணும் என்று போடுவார்கள். நாற்பது நாளில் வளர வேண்டியதை முப்பத்தஞ்சு நாளில் வளர்த்துவிடலாம். கோழிக்கு அதில் என்ன, சாகிற நாள் அஞ்சு நாள் முன்னால் வரும், அவ்வளவுதான். ஆனால் அந்த மருந்து கறியிலும் முட்டையிலும் தங்கி நம்ம வயிற்றுக்கு வரும். அதனால்தான் கூடாது என்று சட்டம். அதன் பேர் ரொம்ப நீளம், என் நாக்கில் நுழையாது. சோதனையில் ஒத்துப் பார்க்க என்று எங்கள் இன்னாசி சார் அதைக் கொஞ்சூண்டு கருப்பு பாட்டிலில் போட்டு, அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருப்பார். "வெளிச்சம் பட்டா கெட்டுரும்" என்பார். ஆறு வருஷத்தில் நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்னாசி சார்தான் எங்கள் லேப்பில் பெரியவர். திருச்சிப் பக்கத்துக்காரர். பெரிய மிஷினை ஓட்டுகிறவரும் அவரே, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே. சிரிக்கவே மாட்டார். நான் பாடிக்கொண்டே வேலை செய்வேன். அவர் கண்ணாடிக் கதவை அரை அடி திறந்து, "இந்துமதி, தராசு ஆடுது" என்பார். "நல்ல பாட்டு சார், அதான் அதுவும் ஆடுது" என்பேன். கதவைச் சாத்திக்கொள்வார். அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை.

என் வேலையைச் சொல்லட்டுமா? கேட்டால் சமையல் மாதிரிதான் இருக்கும். மில்லில் பத்து மூட்டையில் கம்பியால் குத்திக் குத்தி எடுத்த தீவனம் ஒரு பையில் வரும். அதைப் பெரிய காகிதத்தில் கொட்டிக் குவிப்பேன். குவித்ததைத் தட்டி, அடை மாதிரி பரப்பி, அளவுகோலால் நாலாகப் பிரிப்பேன். எதிரும் புதிருமாக இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சம் இரண்டை மறுபடி குவித்து, மறுபடி பரப்பி, மறுபடி நாலு. ஒரு சாக்குத் தீவனத்தின் குணம் ஒரு கைப்பிடியில் வந்து நிற்கும் வரைக்கும் இப்படி. அந்தக் கைப்பிடியை மிஷினில் போட்டுப் பொடியாக அரைத்து, டப்பாவில் நம்பர் ஒட்டிக் கொடுத்தால் என் வேலை தீர்ந்தது. யாருடைய தீவனம் என்று டப்பாவில் எழுதக் கூடாது. சோதிக்கிறவருக்கு ஆள் தெரியக் கூடாது, நம்பர்தான் தெரியணும். அது இன்னாசி சாரின் கண்டிப்பு.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். ஒருத்தருடைய தீவனத்தை அரைத்த மிஷினில் அப்படியே அடுத்தவருடையதைப் போடக் கூடாது. முந்தினதின் தூசி உள்ளே ஒட்டியிருக்கும். அதனால் நடுவில் இரண்டு கை வெறும் மக்காச்சோளத்தைப் போட்டு அரைத்து, அதைக் கொட்டிவிட வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு மிஷினுக்கு வாய் கழுவுவது என்று பேர். வாய் கழுவியதும் நோட்டில் எழுத வேண்டும்: சுத்தமான சோளம், இத்தனை மணி, இந்துமதி. ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் எழுதியிருக்கிறேன்.

அந்த நோட்டைக் காட்டித்தான் இன்று என்னைக் கேட்கப் போகிறார்கள். பதினோரு மணிக்கு, சேலத்துப் பெரிய ஆபீசில். விசாரணை எனக்கு இல்லைக்கா, இன்னாசி சாருக்கு. நான் சாட்சி.

இருங்க, முறையாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் பேர் பூபதி. நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு கதையில் மறந்துவிடுவேன். என்னை வேலைக்குப் போகாதே என்று ஒரு நாள் சொன்னதில்லை. பாப்பாவுக்குத் தலை பின்னுவது அவர்தான், என்னைவிட நேராக வகிடு எடுப்பார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறார். முதல் தடவை விட்ட குஞ்சில் பாதி கழிச்சலில் போனது. இரண்டாம் தடவை முக்கால்வாசி. தினமும் காலையில் அவர் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் குழி தோண்டிப் புதைப்பார். சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். அப்புறம் ஒரு தீவனக் கடைக்காரர், "இதைக் கலந்து போடு பூபதி, ஈரோட்டு மஞ்சள், நோயே அண்டாது" என்று பேர் எழுதாத வெள்ளைச் சாக்கில் ஒரு பொடி கொடுத்தார். அதைக் கலந்த நாளிலிருந்து ஒரு குஞ்சு சாகவில்லை. அதோடு அக்கா, என்ன வளர்த்தி. நாட்டுக்கோழி அஞ்சு மாசம் இழுக்கும். எங்களுடையது மூணரை மாசத்தில் கொண்டை சிவந்து நின்றது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மருந்து கிடையாது, ஊசி கிடையாது, மஞ்சள்தான். 'மஞ்சள் தின்று வளர்ந்த நாட்டுக்கோழி' என்று ரோட்டோரத்தில் பலகை வைத்திருக்கிறோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நான்தான் பெயிண்டால் எழுதினேன். சேலத்திலிருந்து காரில் வந்து வாங்கிப் போகிறார்கள். தன்ஷிகாவுக்கு, எங்கள் பாப்பா, நாலு வயசு, தினமும் ஒரு முட்டை. குஞ்சுக்குத் தீனி போடுவதே அவள்தான். பிஞ்சுக் கையால் அள்ளி அள்ளிப் போட்டுவிட்டு, மஞ்சள் கையோடு ஓடி வருவாள். "தங்கக் கைடா சாமி" என்று அவர் முத்தம் கொடுப்பார்.

இப்போது இன்னாசி சார்மேல் எனக்கு இருந்த வருத்தத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, தாலிக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். விரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அரவை அறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மஞ்சளோட உள்ள வராதே."

"வெள்ளிக்கிழமைங்க சார்."

"தெரியுது. போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. மஞ்சளும் சோதனையில நிறம் காட்டும், நமக்குக் குழப்பம்."

நிறம், குழப்பம் எல்லாம் என் காதில் ஏறவே இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், நம்ம மஞ்சள் அவருக்கு ஆகாது என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். அன்று முழுக்கப் பாடவில்லை. சாயங்காலம் அவராகவே கதவைத் திறந்து, "என்ன, இன்னைக்குத் தராசு ஆடலை" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது ஒரு சமாதானம் என்று இப்போதுதான் புரிகிறது. அன்று புரியவில்லை.

புதுச்சத்திரம் வந்தாச்சா? சுருக்கா வந்துட்டான்.

தீபாவளிக்கு முந்தின நாள். லேப்பில் பாதிப் பேர் லீவு. சோள டின்னைத் திறந்தால் அடியில் வண்டு. கடை எல்லாம் பூட்டு. அன்று வந்திருந்தது ஒரே ஒரு தீவனம்தான், ஒரு பெரிய மில்லுடையது. நடுப்பகலுக்குள் அரைத்துக் கொடுத்தால் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் முறுக்குச் சுடலாம். எனக்கு அவசரம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. லேப்புக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர் அவர் வீட்டுக் கோழிக்கு என்று எங்கள் கோழித் தீனி ட்ரம்மிலிருந்து இரண்டு படி உடைத்த சோளம் கேட்டிருந்தார். கொடுக்கலாம் என்று பையில் கொண்டு வந்திருந்தேன். அதில் இரண்டு கை எடுத்தால் யாருக்கு என்ன?

மஞ்சள் கலந்திருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நின்றேன். நின்றேன் அக்கா, நிற்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சாரிடம் கேட்டால் மஞ்சளா என்று ஆரம்பித்துவிடுவார். மஞ்சள் கிருமியைக் கொல்கிறது, அதைப் போட்டு வாய் கழுவினால் மிஷினுக்கு இன்னும் சுத்தம்தானே என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கை போட்டேன், அரைத்தேன், கொட்டினேன். மில்காரருடையதைப் போட்டேன், அரைத்தேன், நம்பர் ஒட்டினேன். நோட்டில் எழுதினேன்: சுத்தமான சோளம், பதினொன்றே முக்கால், இந்துமதி.

மிச்சத்தை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய் முறுக்குச் சுட்டேன். அந்தத் தடவை நன்றாகவே வந்தது.

தீபாவளி முடிந்து போனால் இன்னாசி சார் மிஷினைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. முதலில் ஒரு சின்னச் சோதனை செய்வார். பொடியை ஊற வைத்து வடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு ஒரு திராவகம். மருந்து இருந்தால் கத்தரிப்பூ நிறம் வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. அன்று வந்ததா வரவில்லையா என்கிற மாதிரி ஒரு நிழல். அதனால் பெரிய மிஷினில் ஏற்றினார். அந்த மிஷின் ஒரு லாரித் தீவனத்தில் ஒரு சிட்டிகை விழுந்திருந்தாலும் சொல்லிவிடும். காகிதத்தில் கோடு கோடாக ஓடிவந்து, அந்த மருந்துக்கு உரிய இடத்தில் குன்று மாதிரி எழும்பும். எழும்பியது. அவர் நம்பவில்லை. மாசம் பிறந்ததும் நல்ல தீவனமாகப் பார்த்து அரைத்து, ஒத்துப் பார்ப்பதற்கு என்று வைத்திருப்போம், அதை ஏற்றினார். அது சமதளமாக இருந்தது. மறுபடி மில்காரருடையதை நிறுத்து ஏற்றினார். குன்று. மூன்றாவது தடவையும் குன்று.

மூன்று தடவை என்ன, முப்பது தடவை நிறுத்தாலும் நான் அரைத்துக் கொடுத்த அதே டப்பாவிலிருந்துதானே.

என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "வாய் கழுவினியா?"

"கழுவினேங்க சார்."

"சரி" என்றார். நோட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இல்லைக்கா, நான் பொய் சொல்லவில்லை. கழுவினேன்தானே? அன்றைக்கு அதுதான் எனக்கு உண்மை.

மில்லிலிருந்து போன தீவனமெல்லாம் திரும்பி வந்தது. மில்லை மூடச் சொல்லிவிட்டார்கள். முதலாளி சும்மா இருப்பாரா? எடுக்கிறபோதே தீவனத்தை இரண்டு பையாகப் போட்டு, ஒன்றை அரக்கு வைத்துத் தனியாகப் பூட்டி வைப்பது வழக்கம். அந்த இரண்டாவது பையை வேறு ஊர் லேப்பில் பிரித்துப் பார்க்கணும் என்றார். பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. சுத்தம்.

அவ்வளவுதான். எதிர் மில்காரன் சொல்லி இன்னாசி சார் பொய் ரிப்போர்ட் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். சாரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை என்றிருப்பார். இருபத்தாறு வருஷம் அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துத் தூசி தட்டி, இதில் எது நிஜம் எது பொய் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போகிற அன்று அலமாரிச் சாவியை மேனேஜர் மேஜையில் வைத்தார். என் அறை வாசலில் நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மிஷினைப் பார்த்தார். "பெல்ட் தேஞ்சிருக்கு, மாத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அன்றுகூட ஒன்றும் தோன்றவில்லை பாருங்க. வயசாச்சு, கண் சரியாகத் தெரியவில்லை, தப்பாக நிறுத்திருப்பார் என்று மேனேஜரிடம் நானே சொன்னேன். மஞ்சள் விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தாரே, இப்போது பார் என்றுகூட ஓர் ஓரத்தில் நினைத்திருப்பேன். மனசு அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய.

மேனேஜர் தாமோதரன் சார் போன வாரம், விசாரணை முடியும் வரைக்கும் என்று லேப்பைப் பூட்டும்போது எனக்குப் பாடம் எடுத்தார். "அம்மிணி, உன்னைக் கேட்டா ரெண்டே வார்த்தை. வாய் கழுவினேன், சுத்தமான சோளம் போட்டேன். நோட்டுல இருக்குது. மீதியை அவங்க பாத்துக்குவாங்க."

"சரிங்க சார்" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேனா, இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. புது லோடு வண்டி, குட்டியானை. கோழியை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கே நேராகப் போகலாம் என்று எங்கள் வீட்டுக்காரருக்கு நாலு வருஷக் கனவு. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, வாசலில் நிறுத்திவிட்டார். தன்ஷி முன்சீட்டில் ஏறி நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள். நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிஷம். "ஏம்மிணி, ஆரத்தி எங்க?" என்று அத்தை, என் மாமியார், கத்துகிறார். அடுக்களையில் மஞ்சள் டப்பாவைத் திறந்தால் காலி.

காலியானால் என்ன, கொட்டகையில் ஒரு சாக்கு இருக்கிறதே. ஓடினேன். அவர் அதை வெளிச்சம் படாமல் கருப்புத் தார்ப்பாயில் சுற்றி வைத்திருப்பார். ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு வந்து தட்டில் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். சுண்ணாம்பைப் போட்டேன்.

அக்கா, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? பிறந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். சிவக்கணும். இரத்தமாகச் சிவக்கணும். சிவக்கவில்லை. கலங்கின மஞ்சளாகவே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. விரலால் கலக்கினேன், கையால் கலக்கினேன். மஞ்சள்தான்.

"சுண்ணாம்பு பழசா இருக்கும்" என்றார் அத்தை. பக்கத்து வீட்டிலிருந்து புதுச் சுண்ணாம்பு வந்தது. மஞ்சள்தான். வந்தவர்கள் சிரித்தார்கள். "பூபதி, உன்ற பொண்டாட்டிக்கு ஆரத்தி கரைக்கத் தெரியலையே" என்று அவர் பங்காளி கேலி செய்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விறுவிறுவென்று வந்து, சாமி மாடத்திலிருந்து குங்குமத்தை அள்ளித் தட்டில் போட்டார். ஒரு பிடி. இன்னொரு பிடி. கலக்கினார். சிவந்தது. "ம், சுத்து" என்றார்.  நான் சுற்றினேன். வண்டிக்குச் சுற்றினேன், அவருக்குச் சுற்றினேன், வண்டிக்குள் நின்ற என் பெண்ணுக்கும் சுற்றினேன். தொட்டு அவள் நெற்றியில் வைத்தேன்.

வந்தவர்கள் போன பிறகு கேட்டேன், "ஏனுங்க, அது என்ன மஞ்சளுங்க?"

"கோழி மஞ்சள் வேற, சமையல் மஞ்சள் வேற."

"எல்லா மஞ்சளும் சுண்ணாம்புக்குச் செவக்குமுங்களே."

"இது ஒசத்தி" என்றார்.  சாக்கு அன்றைக்கே இடம் மாறிவிட்டது.

எனக்கு அப்புறம் ஒவ்வொன்றாக வந்து நிற்கிறது. ஒரு தடவை அத்தை குழம்புக்கு அதில் ஒரு கரண்டி எடுத்தபோது அவர் பாய்ந்து பிடுங்கினது. அந்த மஞ்சளுக்கு வாசமே கிடையாது என்பது. வெளிச்சம் படக் கூடாது என்பது. கருப்பு பாட்டில். கருப்புத் தார்ப்பாய்.

ஆனாலும் அக்கா, சுண்ணாம்பு இரண்டும் பழசாகவே இருந்திருக்கலாம், இல்லையா? மாசி மாசம் காற்றில் காய்ந்துபோன சுண்ணாம்பு. தண்ணீர் உப்புத் தண்ணீர். இருக்கலாம்தானே?

இன்று காலையில் கிளம்பும்போது அவரே தன்ஷிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "இந்து, அங்க நம்ம கொட்டகைக் கதை எதுவும் பேசாத."

நான் அந்தத் தீபாவளிச் சோளத்தைப் பற்றி அவரிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரியும்? லேப்புக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தது தெரியும், லேப்பில் போட்டது தெரியாது. பொதுவாகச் சொல்லியிருப்பார். இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். அவர் என்னைவிடக் கெட்டி.

"நம்ம கதை எதுக்குங்க பேசப் போறேன்" என்றேன்.

"இன்னாசி சாருக்கு வேற வேலை கெடைக்கும். நமக்கு இந்தக் கொட்டகை ஒண்ணுதான்" என்றார். ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினார். வகிடு நேராக இருந்தது.

மல்லூர் தாண்டிடுச்சா? தாண்டிடுச்சு.

அக்கா, ஒரு உதவி. நீங்க ஏறினதுமே டப்பாவைப் பார்த்தேன். மூடுங்கன்னு சொன்னது புடவைக்காக இல்லை. அதைப் பார்த்துக்கிட்டே வர முடியலை.

என் பையில் இரண்டு பொட்டலம் இருக்கு. ஒன்று கடையில் வாங்கின மஞ்சள் தூள். இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை கரண்டியில் மிஞ்சினது. இரண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் மடிச்சு, ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருக்கேன். எது எது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். வீட்டில் செய்து பார்த்திருக்கலாம், கை வரலை. லேப்பில் அந்தத் திராவகம் இருக்கு, லேப் பூட்டு. சுண்ணாம்பு போதும். அது என்ன பொடி என்று சுண்ணாம்பு சொல்லாது. மஞ்சளா இல்லையா என்று மட்டும் சொல்லும். அவ்வளவு தெரிஞ்சா போதும்.

இந்தாங்க, என் இடது கையில் ஒண்ணாம் நம்பர் கொட்டுங்க. வலது கையில் ரெண்டு. கொஞ்சமாக் கொட்டுங்க, பஸ் ஆடுது. பாட்டில் மூடியில தண்ணி எடுத்து ரெண்டுலயும் ரெண்டு சொட்டு. இப்ப உங்க விரலால சுண்ணாம்பு எடுத்து வைங்க. இல்லைக்கா, நான் வைக்க மாட்டேன். நான் வைச்சா எதையாவது செய்து ரெண்டையும் சிவக்க வைச்சிடுவேன்.

தேய்ங்க.

இடது கையைப் பாருங்க. என்னமா சிவக்குது. பாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு எடுத்த ஆரத்தி மாதிரி.

வலது கையில இன்னும் கொஞ்சம் வைங்க. சுண்ணாம்பு பத்தலைபோல. இன்னும் கொஞ்சம். தேய்ங்க. இன்னும்.

போதும்க்கா.

போதும். உங்க சுண்ணாம்பு புதுசுதான். இந்த இடது கையில பாருங்களேன், எப்படிச் சிவக்குது.

தினமும் பாப்பாவுக்குக் கை கழுவி விடுவேன் அக்கா. மஞ்சள்தானே என்று ஒரு நாளும் சோப்புப் போட்டதில்லை. சில நாள் அந்த விரலை வாயிலேயே வைத்திருப்பாள்.

போன் அடிக்குது. அவராத்தான் இருக்கும். என் கை ரெண்டும் இப்படி இருக்கு, நீங்களே எடுத்து அந்தப் பச்சையை அமுக்கி என் காதுல வைங்க. ஆமா, அப்படித்தான்.

ஏனுங்க... ம், மல்லூர் தாண்டியாச்சுங்க. சாப்ட்டனுங்க. இல்லைங்க, பக்கத்துல ஒரு அக்கா பேசிக்கிட்டு வர்றாங்க... சரிங்க... ஏனுங்க, தன்ஷி எங்க? அவளைக் கொட்டகைக்குள்ள விடாதீங்க. ஒண்ணுமில்லைங்க, சும்மாத்தான் சொல்றேன். முட்டையும் குடுக்க வேண்டாம். அவ கையைச் சோப்புப் போட்டுக் கழுவி விடுங்க. ரெண்டு தடவை. நகத்துக்குள்ளயும்.

ஏனுங்க?

இருக்கீங்களா?

வைச்சுட்டாருங்களா பாருங்க. இல்லையா? லைன்ல இருக்காரா?  சரி, நீங்களே அமத்திடுங்கக்கா.

தண்ணி வேண்டாம். துண்டும் வேண்டாம், வைச்சுக்குங்க. பெரிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸ் நடக்கிற தூரம்தான். இன்னாசி சார் எனக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அவர் எதற்கும் அரை மணி முன்னால் வருகிறவர். மஞ்சள் கையோட உள்ள வராதே என்பார். சொல்லட்டும்.

இறங்கும்போது என் பையை மட்டும் தோளில் மாட்டி விடுங்க. பிரேக் போட்டால் என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க, நான் கம்பியைப் பிடிக்க முடியாது. அங்க போற வரைக்கும் ரெண்டு கையும் இப்படியே இருக்கணும்.